நம்மைக் கேட்காமலே கடன் வாங்குகிறார்களா? ஸ்னோஹோமிஷ் கவுண்டித் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வாஷிங்டன் மாநில ஸ்னோஹோமிஷ் கவுண்டித் தமிழ்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம். இந்த ஆண்டுப் பொங்கல் விழாவில், சாப்பாட்டு வரிசையில் நின்றிருந்தபோது எழுந்த ஒரு பேச்சுதான் இந்த மடலுக்குக் காரணம். மில் கிரீக்கிலிருந்து வந்திருந்த அண்ணன் ஒருவர் கரன்ட் பில் ஏறிக்கொண்டே போவதைச் சொன்னார். அவருக்குப் பின்னால் நின்ற அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். "பள்ளிக்கூடம் கட்டக் கடன் வாங்கணும்னா ஓட்டுச்சீட்டு வீடு தேடி வருது. நூத்துக்கு அறுபது பேர் சரின்னு சொன்னாத்தான் வாங்க முடியுது. இந்த பி.யூ.டி மட்டும் கோடிக்கணக்குல பத்திரம் வித்துக் கடன் வாங்குது, நம்மளை ஒரு வார்த்தை கேக்கறதில்லை. இது என்ன நியாயம்?" பி.யூ.டி என்பது நம் கவுண்டிக்கு மின்சாரம் வழங்கும் பொது அமைப்பு. பத்திரம் என்று அவர் சொன்னது, முதலீட்டாளர்களிடம் கடன் வாங்க விற்கும் கடன்பத்திரத்தை, அதாவது பாண்டை.

யாரும் பதில் சொல்லவில்லை. எனக்குப் பதில் கொஞ்சம் தெரியும். ஆனால் தட்டில் சர்க்கரைப் பொங்கலோடு நின்று சொல்லக்கூடிய பதில் இல்லை அது. வீட்டுக்கு வந்தபிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அக்காவுக்குச் சொல்லவேண்டியதை உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

நான் கணக்கு வேலை பார்ப்பவள். வடக்கு பாத்தெல்லில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். கவுண்டி எல்லை நம் ஊரின் நடுவே போகிறது. தெற்கே கிங் கவுண்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு மின்சாரம் தருவது பங்குதாரர்களுக்குச் சொந்தமான கம்பெனி, பியூஜெட் சவுண்ட் எனர்ஜி. வடக்கே இருக்கும் நமக்குத் தருவது ஸ்னோஹோமிஷ் பி.யூ.டி. இதற்குப் பங்குதாரர் யாரும் கிடையாது. மூன்று கமிஷனர்கள் உண்டு. கவுண்டி மக்கள் கட்சிச் சின்னம் இல்லாமல் ஆறு ஆண்டுக்கு அவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். லாபம் என்று ஒன்று எடுத்துப் பங்கிட ஆளில்லை, நட்டம் என்று வந்தால் தாங்கிக்கொள்ளவும் வேறு ஆளில்லை. பில் கட்டும் நாம்தான் எல்லாம். அக்காவின் கேள்வி முக்கியமானது என்று நான் நினைப்பது இதனால்தான்.

பி.யூ.டி எப்படி வந்தது என்று தெரிந்தால் மீதி எளிதாகப் புரியும். நகரங்களில் விளக்கு எரிந்த காலத்தில் இந்த மாநிலத்தின் பண்ணை வீடுகள் பல இருட்டில் கிடந்தன. மைலுக்கு இரண்டு வீடு இருக்கும் இடத்துக்குக் கம்பி இழுப்பது கட்டுப்படியாகாது என்று தனியார் கம்பெனிகள் ஒதுங்கின. கிரேஞ்ச் என்ற உழவர் அமைப்பு மனு எழுதி, கையெழுத்துத் திரட்டி, 1930 நவம்பரில் அதை மாநில வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தது. அது வென்றது. ஒரு கவுண்டி மக்கள் விரும்பினால் தாங்களே மின்சாரமும் தண்ணீரும் வழங்கும் மாவட்டம் (அதுதான் பி.யூ.டி) அமைத்துக்கொள்ளலாம் என்று சட்டமானது. ஸ்னோஹோமிஷ் மக்கள் 1936-ல் வாக்களித்துத் தங்கள் மாவட்டத்தை அமைத்தார்கள். ஆனால் மின்கம்பமும் கம்பியும் கம்பெனியின் கையில் இருந்தன. அவற்றை விலை கொடுத்து வாங்கி மின்சாரம் வழங்கத் தொடங்கியது 1949-ல். இடையில் பதின்மூன்று ஆண்டுகள்.

உழவர்களிடம் கம்பெனியின் கம்பிகளை வாங்கப் பணம் ஏது? கடன்தான். அந்தக் கடனுக்கு இரண்டு வழிகள் உண்டு. நம் ஊர் வழக்கில் சொல்கிறேன். ஒரு விவசாயி நிலப்பத்திரத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம். அல்லது, 'நிலத்தைத் தொடாதே, வருகிற விளைச்சலில் இருந்து தருகிறேன்' என்று சொல்லி வாங்கலாம். பள்ளிக்கூடம் வாங்குவது முதல் வகை. அது நம் வீடு, நிலத்தின் மீது போடும் சொத்துவரியை ஈடாக வைக்கிறது. ஆகவே 60 சதவீத வாக்கு வேண்டும். பி.யூ.டியும் அந்த வகைக் கடன் வாங்கலாம். மாவட்டத்தில் உள்ள சொத்து மதிப்பில் முக்கால் சதவீதத்தைத் தாண்டினால் அதுவும் மக்களிடம் 60 சதவீத ஒப்புதல் வாங்கியாக வேண்டும்.

இரண்டாவது வகைதான் வருவாய்ப் பத்திரம். இதில் சொத்துவரியில் ஒரு காசுகூட ஈடாக வைக்கப்படுவதில்லை. மின்கம்பத்தையோ டிரான்ஸ்பார்மரையோ கடன் கொடுத்தவர் பறிமுதல் செய்ய முடியாது. பில் மூலம் வரும் பணத்தைத் தனியாக ஒரு நிதியில் போட்டு, அதிலிருந்து அசலும் வட்டியும் தருகிறேன் என்ற வாக்குறுதி மட்டுமே ஈடு. இதற்கு வாக்கெடுப்பு வேண்டாம் என்ற வழக்கத்தின் வேர் 1895-ல் இருக்கிறது. ஸ்போகேன் நகரம் குடிநீர்ப் பணிக்காக வாங்கவிருந்த கடன் அரசியல் சட்டம் வைத்த வரம்பை மீறுகிறது என்று வழக்கு வந்தது. தண்ணீர்க் கட்டணத்திலிருந்து மட்டுமே அடைபடும் கடன் நகரத்தின் பொதுக்கடன் ஆகாது என்று வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பை ஒட்டித்தான் இன்றும் எவரெட் தலைமையகத்தில் நம் மூன்று கமிஷனர்கள் ஒரு தீர்மானம் நிறைவேற்றி வருவாய்ப் பத்திரம் விற்க முடிகிறது.

விளைச்சல் உவமையை இங்கே ஒரு படி மேலே கொண்டுபோக வேண்டும். மழை பொய்த்தால் விவசாயி கைவிரிப்பார், கடன் கொடுத்தவரும் சேர்ந்து அழுவார். நம் பி.யூ.டியால் அப்படிக் கைவிரிக்க முடியாது. விளைச்சலின் விலையை அதுவே நிர்ணயிக்கிறது, நமக்கு வேறு கடையும் கிடையாது. அசலும் வட்டியும் செலவும் அடையும் அளவுக்குக் கட்டணம் வைத்தே ஆகவேண்டும் என்று மாநிலச் சட்டம் கமிஷனர்களைக் கட்டாயப்படுத்துகிறது. பத்திரம் விற்கும் தீர்மானத்திலும் அதே வாக்குறுதியை எழுதிக் கொடுக்கிறார்கள். ஒரு கமிஷனர் நல்ல மனதோடு "இந்த ஆண்டு கட்டணத்தைக் கூட்டவேண்டாம்" என்று சொன்னாலும், முன்னால் இருந்தவர்கள் எழுதிக்கொடுத்த வாக்குறுதி அவர் கையைக் கட்டிவிடும். கட்டண உயர்வு கூட்டத்துக்கு வரும்போது மட்டும் போய்ச் சத்தம் போடுவதில் பயன் குறைவு என்று நான் நினைப்பது இதனால்தான். முடிவு அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், பத்திரம் விற்ற நாளிலேயே ஆகிவிட்டிருக்கும்.

நீங்கள் கட்டும் பில் பணம் எந்த வரிசையில் போகிறது என்று பாருங்கள். முதலில் இயக்கச் செலவு: சம்பளம், பராமரிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக பானவில் என்ற மத்திய அரசு மின் நிர்வாகத்திடம் மொத்தமாக வாங்கும் கொலம்பியா ஆற்று அணை மின்சாரத்தின் விலை. நாம் பயன்படுத்தும் மின்சாரத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. அடுத்து பத்திரங்களின் வட்டி, அசல் தவணை. பிறகு அவசரக் கையிருப்பு. மிஞ்சுவது புதுக் கம்பம், புதுத் துணைமின் நிலையம் போன்ற வேலைகளுக்கு.

இந்த வரிசையில் ஒரு கணக்கு உண்டு. அதைப் புரிந்துகொண்டால் பாதி மர்மம் தீர்ந்துவிடும். செலவெல்லாம் போக மிஞ்சும் பணம், அந்த ஆண்டுக் கடன் தவணையைப் போல் இத்தனை மடங்கு இருக்கும் என்று பத்திரம் வாங்குபவருக்கு உறுதி கொடுக்கிறார்கள். பரவலாகக் கேட்கப்படும் அளவு 1.25 மடங்கு. அதாவது 100 டாலர் தவணை கட்ட 125 டாலர் மிச்சம் காட்ட வேண்டும். "கடனுக்கு 100 போதும் என்றால் 125 ஏன் வசூலிக்கிறார்கள்?" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டிருக்கிறார். அந்த 25 டாலர் யார் பையிலும் போகவில்லை. நீரோட்டம் குறைந்த ஆண்டிலும், ஜனவரிக் குளிரில் சந்தையில் கொள்ளை விலைக்கு மின்சாரம் வாங்க நேர்ந்தாலும் தவணை தவறக்கூடாது என்பதற்கான மெத்தை அது. நல்ல ஆண்டில் அது கம்பமாகவும் கம்பியாகவும் மாறும். அந்த அளவுக்குப் புதுக்கடன் குறையும்.

மெத்தை தடிமனாக இருந்தால் பி.யூ.டியின் கடன்தர மதிப்பீடு (கிரெடிட் ரேட்டிங்) உயரும், வட்டி இறங்கும். கணக்குக்காரியாக ஒரு சிறு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பத்துக் கோடி டாலரை 30 ஆண்டுக்குச் சமமான தவணையில் அடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 4 சதவீதத்துக்குப் பதில் 4.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,56,000 டாலர் கூடும். 30 ஆண்டில் ஒரு கோடி டாலருக்கும் மேல். அரை சதவீதத்துக்கு இவ்வளவு விலை! தவிர, இந்தப் பத்திரங்களின் வட்டிக்கு பெரும்பாலும் மத்திய வருமான வரி கிடையாது. வரி இல்லாததால் முதலீட்டாளர் குறைந்த வட்டிக்கும் ஒத்துக்கொள்கிறார். கம்பெனிகளுக்கு இல்லாத இந்தச் சலுகை நமக்கு உண்டு. நாடாளுமன்றத்தில் வரிச்சட்டத்தைத் திருத்தும் பேச்சு எழும்போதெல்லாம் பி.யூ.டிகள் பதறுவது இதற்காகத்தான்.

கடன் என்றாலே நம்மில் பலருக்கு வயிறு கலங்கும். கடன்பட்டார் நெஞ்சம் கலங்குவதைப் பாடக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் ஒரு துணைமின் நிலையம் நாற்பது ஆண்டு உழைக்கும். அதன் முழு விலையையும் கட்டும் ஆண்டிலேயே பில்லில் ஏற்றினால், மூன்று ஆண்டு இருந்துவிட்டு ஆஸ்டினுக்கோ அட்லாண்டாவுக்கோ போய்விடும் குடும்பம், தான் பயன்படுத்தப்போகாத முப்பத்தேழு ஆண்டுக்கும் சேர்த்துக் கட்டும். நம்மில் எத்தனை பேர் அப்படி வந்து போகிறவர்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஆண்டாண்டாகத் தவணை பிரித்தால், யார் விளக்கெரிக்கிறார்களோ அவர்கள் அந்தந்த ஆண்டின் பங்கைத் தருகிறார்கள். நீண்டநாள் சொத்துக்கு நீண்டநாள் கடன் நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பத்தாண்டில் பழசாகிப்போகும் ஒன்றுக்கு முப்பதாண்டுக் கடன் வாங்குவதுதான் பாவம். நம் குழந்தைகள் எப்போதோ குப்பைக்குப் போன பொருளுக்கு வட்டி கட்டுவார்கள்.

வருவாய்ப் பத்திரம் நல்லபடியாக என்ன செய்யும் என்று பார்க்க மலைத்தொடரைத் தாண்டிக் கிழக்கே போகவேண்டும். கிராண்ட் கவுண்டி அன்று பெரும்பாலும் விவசாயிகள் வாழ்ந்த கவுண்டி. அவர்களுடைய பி.யூ.டி 1950களின் நடுவில் கொலம்பியா ஆற்றின் குறுக்கே ப்ரீஸ்ட் ராப்பிட்ஸ் அணையைக் கட்டத் துணிந்தது, அடுத்து வானப்பம் அணை. சின்னக் கவுண்டிக்கு அவ்வளவு பெரிய கடன் யார் தருவார்? வேறு மின் நிறுவனங்கள் பல ஆண்டுகளுக்கு மின்சாரத்தில் பங்கு வாங்கிக்கொண்டு செலவிலும் பங்கு தருகிறோம் என்று ஒப்பந்தம் போட்டன. அந்த ஒப்பந்தங்களைக் காட்டிப் பத்திரம் விற்றார்கள். 1960களின் தொடக்கத்துக்குள் இரண்டு அணைகளும் ஓடத் தொடங்கின. அந்த மலிவு மின்சாரத்தைத் தேடித்தான் 2007-ல் மைக்ரோசாஃப்ட் தன் டேட்டா சென்டரை அங்கே குவின்ஸியில் திறந்தது. இதைப் படிப்பவர்களில் பலருக்குச் சம்பளம் தரும் தொழில் அரை நூற்றாண்டுக்கும் முன் விவசாயிகள் துணிந்து வாங்கிய கடனின் நிழலில் நிற்கிறது.

அந்த அணைகள் ஒரேயடியாகக் கைகொடுத்துவிட்டன என்று நினைக்கவேண்டாம். 2014 பிப்ரவரியில் வானப்பம் அணையின் தூண் ஒன்றில் 65 அடி நீள விரிசலைக் கண்டுபிடித்தார்கள். நீர்மட்டத்தை இறக்கிப் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. அணை கட்டிய காலத்துக் கணக்கில் நேர்ந்த பிழைதான் காரணம் என்று தெரியவந்தது. அவசரக் கையிருப்பு என்ற மெத்தை எதற்கு என்று இனி விளக்கவேண்டியதில்லை.

இனி மனம் கனக்கும் பகுதிக்கு வருகிறேன்.

கடற்கரைக்கு, ஓஷன் ஷோர்ஸுக்குப் போகும்போது எல்மா ஊரைத் தாண்டியதும் இடதுபக்கம் மரங்களுக்கு மேல் இரண்டு பிரம்மாண்டமான கோபுரங்கள் தெரியும், கவனித்திருப்பீர்கள். முதல்முறை போனபோது என் மகள் "அம்மா, அது என்ன ஆலை? புகையே வரலையே?" என்று கேட்டாள். அவை சாட்சப் அணுமின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்கள். அவற்றிலிருந்து ஒருநாளும் ஆவி எழுந்ததில்லை. அங்கே ஒரு யூனிட் மின்சாரம்கூட உற்பத்தியானதில்லை.

1957-ல் இந்த மாநிலத்தின் பி.யூ.டிகள் பதினேழு சேர்ந்து வாஷிங்டன் பொது மின்வழங்கு அமைப்பு என்று ஒரு கூட்டமைப்பை உண்டாக்கின. முதலில் சின்ன நீர்மின் திட்டம் ஒன்று, பிறகு ஹான்ஃபோர்டில் ஒரு மின் நிலையம் என்று ஓரளவு நல்ல பெயர் எடுத்தார்கள். 1970களில், மின்தேவை பத்தாண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும், நதியில் இனி அணைகட்ட இடமில்லை என்று சொல்லி ஒரே நேரத்தில் ஐந்து அணு உலைகளைத் தொடங்கினார்கள். அவற்றில் மூன்றாவதும் ஐந்தாவதும் சாட்சப்பில். ஒன்றைக்கூட அதுவரை கட்டி முடித்த அனுபவம் இல்லை.

ஒன்று, இரண்டு, மூன்றாம் உலைகளின் கடனுக்கு பானவில் நிர்வாகம் பின்னால் நின்றது. நான்கையும் ஐந்தையும் தாங்க அது முன்வரவில்லை. ஆகவே பி.யூ.டிகள், நகர மின்துறைகள், கிராமியக் கூட்டுறவுகள் என்று 88 அமைப்புகள் கையெழுத்துப் போட்டன. நம் ஸ்னோஹோமிஷும் அந்த 88-ல் ஒன்று. உலை ஓடினாலும் ஓடாவிட்டாலும், கட்டி முடிந்தாலும் முடியாவிட்டாலும், எங்கள் பங்குத் தொகையைத் தருவோம் என்பது ஒப்பந்தத்தின் சாரம். ஈடாக நின்ற விளைச்சலோ இன்னும் விதைக்கவே படாதது. அந்தக் கையெழுத்துகளைக் காட்டி 225 கோடி டாலருக்குப் பத்திரம் விற்றார்கள். கட்டுமானம் நடக்கும் ஆண்டுகளில் வட்டி கட்டவும் கடன் வாங்கிய பணத்தையே எடுத்தார்கள். வேலை தாமதமாகத் தாமதமாக, புதுப்பத்திரத்தில் பெருகிய பங்கு பழைய வட்டிக்கே போனது.

மின்தேவை சொன்னபடி வளரவில்லை. 1981-ல் ஐந்து உலைகளின் மொத்தச் செலவு மதிப்பீடு ஏறத்தாழ 2,400 கோடி டாலரைத் தொட்டது, தொடக்கக் கணக்கைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல். அந்த நவம்பரில் மாநில மக்கள் 394-ஆம் எண் முன்மொழிவை வெற்றிபெறச் செய்தார்கள். பெரிய மின் திட்டங்களுக்குப் பத்திரம் விற்கும் முன் எங்களிடம் வாக்குக் கேள் என்பது அதன் கோரிக்கை. நம் அக்கா பொங்கல் வரிசையில் கேட்ட அதே கேள்வி! ஏற்கெனவே பத்திரம் வாங்கியவர்களோடு செய்த ஒப்பந்தத்தை அது குலைக்கிறது என்று கூட்டாட்சி நீதிமன்றங்கள் அதை நிறுத்திவிட்டன.

1982 ஜனவரியில் நான்காம், ஐந்தாம் உலைகளைக் கைவிட்டார்கள். 1983 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம், அப்படி ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட இங்குள்ள பி.யூ.டிகளுக்கும் நகரங்களுக்கும் சட்ட அதிகாரமே இல்லை என்று தீர்ப்பளித்தது. வாக்குறுதி செல்லாது என்றானபின் யார் கட்டுவார்? அடுத்த மாதமே 225 கோடி டாலர் கடன் தவணை தவறியது. அமெரிக்க வரலாற்றில் உள்ளாட்சிப் பத்திரங்களில் அதுவரை அவ்வளவு பெரிய தவறுதல் நடந்ததில்லை. அந்த அமைப்பின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து நாடு முழுக்க 'வூப்ஸ்' (ஆங்கிலத்தில் 'ஐயோ, தவறிவிட்டது') என்று அழைத்தார்கள். பத்திரம் வாங்கியவர்களில் ஓய்வுக்காலச் சேமிப்பைப் போட்டவர்கள் ஏராளம். வழக்குகள் 1988-ல் சமரசத்துக்கு வந்தபோது கிடைத்த தொகை 75 கோடியே 30 லட்சம் டாலர்.

ஐந்தில் ஒன்றே ஒன்று, இரண்டாம் உலை, முடிந்தது. இன்று கொலம்பியா மின் நிலையம் என்ற பெயரில் ஓடுகிறது. கூட்டமைப்பும் 1998-ல் எனர்ஜி நார்த்வெஸ்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஒன்றாம் உலையும் மூன்றாம் உலையும் பாதிக்கு மேல் கட்டிய நிலையில் நின்றுபோயின. ஆனால் அந்த இரண்டின் கடனுக்கு பானவில் பொறுப்பேற்றிருந்ததால் தவணை தவறவில்லை. அதன் சுமை பானவில் நமக்கு விற்கும் மின்சாரத்தின் விலைக்குள் இருக்கிறது. இன்றுவரை. சாட்சப்பில் பாதியில் நிற்கும் ஓர் உலைக்காக, அது தொடங்கியபோது மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ பிறந்தே இராத நீங்களும் நானும் ஒவ்வொரு பில்லிலும் சில காசுகள் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதை உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. இன்றைய ஸ்னோஹோமிஷ் பி.யூ.டி வாங்கும் கடனையும் 1970களின் கடனையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். இப்போது வாங்குவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் வேலைகளுக்கு: துணைமின் நிலையம், மின்தடம், மீட்டர். 2024 நவம்பர் 19 இரவு சூறைக்காற்று அடித்து மரங்கள் விழுந்து லட்சக்கணக்கான வீடுகள் இருண்டது நினைவிருக்கும். எங்கள் தெருவில் விறகு அடுப்பு இருந்த ஒரே வீட்டில் மூன்று குடும்பங்கள் ஒண்டிக்கொண்டோம். குளிர்பெட்டியில் இருந்த மாவு புளித்துப் பொங்கியது. மழையில் நனைந்தபடி கம்பத்தில் ஏறி நின்ற தொழிலாளர்களை ஜன்னல் வழியே பார்த்தேன். அவர்கள் மாட்டிய புதுக் கம்பிக்கும் கம்பத்துக்கும் பணம் எங்கிருந்தோ வரத்தான் வேண்டும். நல்ல தர மதிப்பீடு உள்ள பி.யூ.டி அதைக் குறைந்த வட்டிக்குத் திரட்டும்.

ஊரிலும் இப்படி உண்டா என்று கேட்பவர்களுக்காக ஒரு வரி. 2002-ல் தமிழ்நாட்டின் பதின்மூன்று உள்ளாட்சிகளின் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களை ஒன்றாகக் கட்டி, ஏறக்குறைய 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் விற்றார்கள். தனித்தனியாகச் சந்தைக்குப் போக முடியாத சிறு ஊர்கள் கைகோத்துப் போன முறை அது. 

அக்கா, உங்கள் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். நம்மைக் கேட்காமலே கடன் வாங்குகிறார்கள் என்பது சட்டப்படி சரி. ஒவ்வொரு பத்திரத்துக்கும் வாக்கெடுப்பு வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். ஒரு துணைமின் நிலையத்துக்கு அறுபது சதவீத வாக்குத் தேடினால் புயலுக்குப்பின் கம்பம் நடவே நேரம் இருக்காது. ஆனால் வாக்கெடுப்பு இல்லாத இடத்தில் காவல் யார்? மூன்று கமிஷனர்கள், அவர்களுக்கு எதிரே உள்ள நாற்காலிகளில் வந்து உட்காருகிறவர்கள். அந்த நாற்காலிகளில் நான் பார்த்தவரை கூட்டம் இல்லை. பல நாள் நான் ஒருத்திதான் நம்மவள்.

நம்மில் பலருக்கு இங்கே வாக்குரிமை இல்லை, விசாவில் இருக்கிறோம். கமிஷனர் தேர்தலில் வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும்தான். கூட்டத்தில் எழுந்து பேச அது வேண்டாம். பில் கட்டும் யாரும் பேசலாம், வாடகை வீட்டில் இருப்பவரும் பேசலாம். வாக்குரிமை பெற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஓட்டுச்சீட்டின் அடியில் பி.யூ.டி கமிஷனர் என்ற வரி வரும்போது தாண்டிப்போகாதீர்கள். உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரைவிட உங்கள் பில்லோடு நெருக்கமானவர் அவர். ஒருமுறை தேர்ந்தெடுத்தால் ஆறு ஆண்டு இருப்பார். அவர் கையெழுத்திடும் பத்திரமோ முப்பது ஆண்டு இருக்கும்.

போய் என்ன கேட்பது? நான் கேட்க விரும்புவதைச் சொல்கிறேன். இந்தக் கடனில் வாங்கும் பொருள் எத்தனை ஆண்டு உழைக்கும், கடன் எத்தனை ஆண்டு ஓடும்? மின்தேவை வளரும் என்று போட்ட கணக்கு எங்கிருந்து வந்தது, போன முறை போட்ட கணக்கு பலித்ததா? ஒரு பெரிய டேட்டா சென்டரோ தொழிற்சாலையோ வருவதால் புதுத்தடம் தேவைப்பட்டால் அதன் செலவை அவர்கள் தருவார்களா, நம் எல்லாருடைய பில்லிலும் ஏறுமா? அவர்கள் இடையில் மூட்டை கட்டினால் மீதித் தவணை யார் தலையில்? 1.25 என்று வாக்குக் கொடுத்த இடத்தில் உண்மையில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? எவ்வளவு வேலையைக் கடனிலும் எவ்வளவு வேலையைக் கைப்பணத்திலும் செய்கிறீர்கள்? இவை எதிரியின் கேள்விகள் ஆகா. சொந்த வீட்டுக் கணக்குநோட்டைத் திறந்து பார்ப்பவரின் கேள்விகள்.

போவதற்கு முன் படிக்க விரும்புபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பொதுச் சந்தையில் பத்திரம் விற்கும்போது முதலீட்டாளர்களுக்காக ஒரு விரிவான அறிக்கை வெளியிட வேண்டும். எம்மா என்ற பொதுத் தளத்தில் பி.யூ.டியின் பெயரைப் போட்டுத் தேடினால் இலவசமாகக் கிடைக்கும். பெரிய வாடிக்கையாளர் யார், மின்சாரம் எங்கிருந்து வருகிறது, என்ன வழக்குகள் நிலுவையில் உள்ளன, என்னென்ன ஆபத்துகள் என்று எல்லாம் அதில் இருக்கும். நமக்கு அனுப்பும் வண்ணத் துண்டறிக்கையில் இல்லாத வெளிப்படை அதில் உண்டு, ஏனென்றால் முதலீட்டாளரிடம் மறைத்தால் சட்டம் பாயும். இரவு உணவுக்குப்பின் ஒரு மணிநேரம் போதும். புரியாத பக்கம் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்து படிப்போம்.

அக்டோபரில் அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தைப் பொதுமக்கள் முன் வைத்துக் கருத்துக் கேட்பார்கள். எந்தெந்த வேலைக்கு எவ்வளவு கடன் வாங்கப்போகிறார்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும், பத்திரம் விற்கும் முன்பே. கூட்டம் வேலை நாளில், காலையில் இருக்கும் என்பது உங்களுக்குச் சிரமம்தான். முறைவைத்துக்கொள்ளலாம். ஒரு கூட்டத்துக்கு நம்மில் இரண்டு பேர் போனால்கூடப் போதும். போனவர் என்ன நடந்தது என்று தமிழில் நாலு வரி எழுதி மற்றவர்களுக்கு அனுப்பட்டும்.

பொங்கல் வரிசையில் கேட்ட அந்த அக்கா முதல் கூட்டத்துக்கு என்னோடு வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கேள்வி அவருடையது, அங்கேயும் அவர் வாயாலேயே கேட்கட்டும். பாத்தெல்லிலிருந்து எவரெட்டுக்குப் போகும் வழியில் மில் கிரீக் அண்ணனையும் ஏற்றிக்கொள்ளலாம். அதன்பிறகும் காரில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.

அன்புடன்,
வடக்கு பாத்தெல்லிலிருந்து உங்கள் சகோதரி